ஓப்பன்ஃபோம்: வேகம் மெஷ்ஷில் இருக்கிறது

ஓப்பன்ஃபோமில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் கிடையாது. ஒரு ஃபோல்டர், அதற்குள் 0, கான்ஸ்டன்ட், சிஸ்டம் என்று மூன்று ஃபோல்டர்கள், உள்ளே எல்லாம் டெக்ஸ்ட் கோப்புகள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்து, 2004இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த இந்தப் பாய்ம இயக்கவியல் தொகுப்புக்கு உரிமக் கட்டணமும் கிடையாது. வணிக மென்பொருளில் பழகியவர்களுக்கு முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும். ஆனால் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதில் எதையும் இது மறைப்பதில்லை. எனக்கு இது பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

ரன் மெதுவாக ஓடினால் பலரும் கணினியைக் குறை சொல்கிறார்கள். பார்க்க வேண்டியது மெஷ்ஷை, அதாவது ஓட்டவெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை. முப்பரிமாணத்தில் செல்லின் பக்க அளவைப் பாதியாக்கினால் செல்கள் 8 மடங்காகும். நேரத்தோடு மாறும் ஓட்டமென்றால் கூரண்ட் எண் (ஒரு நேரப்படியில் ஓட்டம் எத்தனை செல்களைத் தாண்டுகிறது என்ற அளவு) ஏறாமலிருக்க நேரப்படியும் பாதியாக வேண்டும். ஆக வேலை 16 மடங்கு.

கார் காற்றியக்கவியலில் எல்லோரும் சோதித்துப் பார்க்கும் அகமது பாடியையே எடுத்துக்கொள்வோம். 1984இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் வந்த, 1,044 மி.மீ. நீளமுள்ள எளிய கார் வடிவம் இது. சராசரி ஓட்டம் போதுமென்றால் நடுவே சமச்சீர் தளம் வைத்துப் பாதி உடலுக்கு மட்டும் மெஷ் போடலாம். மெஷ் போடும் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ்ஷில் நுண்மையை உடலைச் சுற்றியும் பின்னால் சுழலும் பகுதியிலும் மட்டும் கூட்டுங்கள். முன்னால் வெகுதூரத்தில் பெரிய செல்களே போதும். சுவரருகே ஓட்டத்தைத் தோராயமாகக் கணிக்கும் வால் ஃபங்ஷன் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முதல் செல்லின் ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து உள்ள பரிமாணமற்ற தூரம்) 30க்கும் 300க்கும் இடையில் இருக்கட்டும். பிறகு மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ்ஷை ஓட்டுங்கள். செங்குத்து விலகல் 70 டிகிரியைத் தாண்டிய முகங்களை அது எண்ணிச் சொல்லும். அவற்றைச் சரிசெய்யாமல் சால்வரைத் தொடாதீர்கள்.

கூர்மையான விளிம்புகளில் சுவரடுக்குச் செல்களை ஸ்னாப்பி பாதியிலேயே விட்டுவிடுகிறது. இந்தத் தொகுப்பில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை இதுதான். லாக்கில் அடுக்குகள் எத்தனை சதவீதம் உருவாயின என்று வரும், கட்டாயம் படியுங்கள்.

மெஷ் தயாரானதும், பொட்டன்ஷியல்ஃபோமில் தொடக்க ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, பருமனான மெஷ்ஷில், முதல்நிலை அப்விண்டில் ஒருமுறை ஓட்டுங்கள். அந்த விடையை மேப்ஃபீல்ட்ஸ் மூலம் நுண்ணிய மெஷ்ஷுக்கு மாற்றி, லீனியர்-அப்விண்டுக்குப் போங்கள். முதல்நிலையிலேயே நின்றுவிட்டால் பின்சுழல் மழுங்கிப்போகும், இழுவிசையும் தப்பாக வரும். ரெசிடியூவல் இறங்கிவிட்டது என்பதற்காக நிறுத்திவிடவும் கூடாது. ஃபோர்ஸ்கோஎஃப்ஸ் தரும் இழுவைக் கெழு நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். ரன்டைம்-மாடிஃபையபிள் இயக்கத்தில் இருந்தால், ரன் ஓடும்போதே கண்ட்ரோல்டிக்டைத் திருத்தலாம். பர்ஜ்ரைட்டுக்கு ஓர் எண் கொடுத்தால் பழைய விடைகள் தானே அழிந்து வட்டு நிரம்பாமல் இருக்கும்.

கோர்களைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. இந்தக் கணக்குகளில் நெருக்கடி பெரும்பாலும் ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தரவு வேகத்தில்தான். மேசைக் கணினியில் சில கோர்களைத் தாண்டினால் ஆதாயம் தேய்ந்துவிடும். ஹைப்பர்த்ரெட்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஓப்பன்ஃபோமுக்கு ஃபவுண்டேஷன் வெளியிடுவது ஒன்று, ஓப்பன்சிஎஃப்டி வெளியிடுவது ஒன்று என முக்கியமாக இரண்டு கிளைகள் இருக்கின்றன. 2023இல் வந்த ஃபவுண்டேஷன் 11ஆம் பதிப்பிலிருந்து பல சால்வர்கள் ஃபோம்ரன் என்ற ஒரே கட்டளைக்குள் போய்விட்டன. ஒன்றுக்கு எழுதிய கோப்பு மற்றொன்றில் அப்படியே ஓடும் என்று நம்பாமல், ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

அகமது பாடியின் பின்சரிவு 35 டிகிரி என்றால், கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடல் நிலையான கணக்கிலேயே நல்ல விடை தருகிறது. 25 டிகிரி வேறு கதை. அங்கே காற்று சரிவிலிருந்து பிரிந்து மீண்டும் ஒட்டிக்கொள்கிறது; மாடலோ பிரிந்த காற்றை ஒட்டவே விடுவதில்லை. எத்தனை லட்சம் செல்களைக் கூட்டினாலும் இது சரியாகாது. அந்த மெஷ்ஷுக்குச் செலவிடும் நாட்களை டிடாச்டு எடி சிமுலேஷனுக்குக் கொடுங்கள்.