மின்னிசையும் மௌனமும்

இசைத்தொகுப்பு ஒன்றைத் திறனாய்வு செய்யத்தக்க சங்கீத ஞானம் உடையவர்கள் நம் மறைமாவட்டத்தில் பலர் உள்ளனர். நாம் அவர்களுள் ஒருவர் அல்லோம். குருமடத்தில் பெற்ற பாடற்பயிற்சியும், ஆண்டுக்கணக்கில் திருப்பலிகளில் பாடிப் பழகிய செவியுமே நம் கைப்பொருள். ஆயினும் சென்ற தவக்காலத்தில் கேட்ட ஓர் இசைத்தொகுப்பு, ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் நாம் பணிபுரியும் சிற்றாலயத்தின் வழக்கம் ஒன்றை நம்மிடமே கேள்வியாகத் திருப்பிவிட்டது. ஆகவே இக்கட்டுரை ஒரு பாதி திறனாய்வு, மறுபாதி பாவசங்கீர்த்தனம்.

'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்னும் அத்தொகுப்பு 2023-இல் வெளிவந்தது. ஆனால் அதில் உள்ள இசை 1969 முதல் 1972 வரையிலான காலத்தது. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-இல் ஒரு மின்னணு இசைக்கூடம் உருவாயிற்று. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து அதனை அமைத்துத் தந்தார். அதன் நடுநாயகம் மோக் சிந்தசைசர் என்னும் கருவி. அக்கூடத்தில் பதிவான ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் நெடுங்காலம் உறங்கின. பால் பர்கஸ் என்னும் இசைக்கலைஞர் அவற்றைக் கண்டெடுத்துத் தொகுத்தமையால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவை நம் செவிக்கு எட்டின.

அன்றைய மோக் கருவி இன்றைய கீபோர்டைப் போன்றது அன்று. இன்றைய கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகள் முன்னரே அடைத்து வைக்கப்பட்டுள்ளன. பொத்தானைத் தொட்டால் வயலினும் வரும், புல்லாங்குழலும் வரும். மோக் கருவியிலோ ஒன்றும் முன்னரே இல்லை. மின் அலைவை எழுப்பும் பகுதி ஒன்று. அவ்வொலியின் கூர்மையை வடிகட்டும் பகுதி ஒன்று. ஒலி எவ்வளவு விரைவில் எழுந்து எவ்வளவு மெல்ல அடங்க வேண்டும் என்று வகுக்கும் பகுதி ஒன்று. இவற்றைக் கம்பிகளால் தாமே இணைத்து, குமிழ்களைத் திருகி, ஒவ்வோர் ஒலியையும் புதிதாய்ப் படைத்தாக வேண்டும். கம்பிகளைக் கழற்றிவிட்டால் அவ்வொலியும் போயிற்று. ஆதலால் அதன்முன் அமர்ந்தவர் முதலில் கேட்பவராகவும், பிறகே இசைப்பவராகவும் இருக்க நேர்ந்தது.

இத்தொகுப்பின் அழகும் குறையும் அங்கேதான் பிறக்கின்றன. ஐ.எஸ். மாத்தூர் கருவியைக் கொண்டு பறவைகளைக் கூவச் செய்ய முயல்கிறார். எஸ்.சி. சர்மா நடனத்துக்கென்று திரும்பத் திரும்ப வரும் தாளக்கட்டுகளைப் பின்னுகிறார். அன்று இளைஞராயிருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா விண்வெளிக் கப்பலில் ஏறிப் பறக்கிறார். இவற்றுள் பல முழுமை பெற்ற படைப்புகள் அல்ல, பயிற்சி ஏடுகள். எண்ணம் ஒன்று தொடங்கும். கனியுமுன் நாடா நின்றுவிடும். முழுதும் ஒரே மூச்சில் கேட்பவருக்குச் சலிப்புத் தட்டும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அச்சலிப்பைப் பொறுத்துக்கொண்டு நாம் இரண்டாம் முறை கேட்டபோது, ஒலிக்குள்ளே சிறு அசைவுகள் புலப்படலாயின. மாறாதது போல் தோன்றிய சுரம் உள்ளுக்குள் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

நம் நாட்டுச் செவிக்கு இது புதிதன்று. தம்புராவின் நான்கு தந்திகளும் ஒரே சுருதியைத்தான் மீண்டும் மீண்டும் சொல்லுகின்றன. எனினும் குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகப்படும் பருத்தி நூலால், அந்த ஒரு சுருதிக்குள் ஓராயிரம் ஒலிகள் பூத்து அடங்குகின்றன. அந்நூலுக்கு 'ஜீவா' என்றே நம் கலைஞர் பெயரிட்டனர்! மாத்தூர் தம் படைப்பு ஒன்றுக்கு, முன்பொரு நாள் தாம் தம்புரா மீட்டியதாகப் பொருள்படும் தலைப்பையே இட்டிருக்கிறார். கருவி கடல் கடந்து வந்தது. கேட்ட செவி இம்மண்ணினது.

இத்தொகுப்பில் நம்மை மிகுதியும் ஈர்த்தவர் கீதா சாராபாய். அகமதாபாத்தின் புகழ்பெற்ற சாராபாய் குடும்பத்தவர். பக்கவாஜ் என்னும் முழவை வாசித்த முதற் பெண்களுள் ஒருவர். 1946-இல் அவர் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளரிடம் மேலைநாட்டு இசை பயின்றார். கைம்மாறாக அவருக்கு நம் இசையைக் கற்பித்தார். இசை எதற்காக என்று கேஜ் வினவியபோது, மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வ அருளின் தொடுதலுக்கு அதனை இசைவாக்குவதே இசையின் பயன் எனத் தம் ஆசான் கூறியதாக அவர் விடையளித்தார். கேஜ் அவ்விடையை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 1952-இல் ஒரு சுரமும் வாசிக்கப்படாத நான்கு நிமிடம் முப்பத்து மூன்று நொடிகளை ஓர் இசைப்படைப்பாகவே அவர் அரங்கேற்றினார்; அதனை முதன்முதல் மேடையில் நிகழ்த்தியவர், பின்னாளில் அகமதாபாத் வந்த அதே டேவிட் டியூடர்!

இதற்கு எதிரே வேறொரு கொள்கையும் உண்டு. இங்கிலாந்தின் பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். கவனித்துக் கேட்கவும், கவனியாமல் விடவும் ஒருங்கே இடம் தருவதாய் இசை இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அறையில் பரவும் சாம்பிராணிப் புகைபோல் அது சூழலை மட்டும் நிறைக்கும். விமானத்துக்குக் காத்திருப்போரின் பதற்றத்துக்கு அது நல்ல மருந்தே. ஈனோவை நாம் குறை கூறவில்லை. ஆனால் கவனியாமல் விடத்தக்க இசை, இறைவன்முன் காத்திருப்போர்க்கும் ஏற்றதாகுமா?

நம் குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நற்கருணை வாங்கியபின் வரும் மௌன நேரத்தில், கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் நாம் சைகை காட்டுவது வழக்கம். அவர் 'பேட்' என்னும் அந்த நீண்ட மெல்லொலியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஆலயமெங்கும் பனிபோல் ஒரு நாதம் இறங்கும். அதன்மீது நாம் தாழ்ந்த குரலில் செபிப்போம். மக்களின் கண்கள் கலங்கும். அதனைத் தூய ஆவியாரின் செயல் என்றே எண்ணி மகிழ்ந்தோம். இப்போது கேட்கிறோம்: அக்கண்ணீரில் எவ்வளவு இறைவனுடையது, எவ்வளவு அந்தப் பொத்தானுடையது?

கருவியின்மீது பழிபோடுவது எளிது. 1903-இல் பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவையும் முழவு போன்ற கருவிகளையும் விலக்கினார். அறுபது ஆண்டுகளுக்குப்பின், 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழலார்கனை உயர்வாகப் போற்றியதுடன், வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் வாயில் திறந்தது. நம் நாட்டிலும் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. இன்று ஆர்மோனியம் இல்லாத சிற்றூர் ஆலயம் அரிது. அந்நியக் கருவி என்பதற்காகவோ மின்கருவி என்பதற்காகவோ ஒன்றைத் தள்ளுவது நம் மரபன்று. ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூராக்கி அடைக்கல அன்னைக்குக் கலம்பகம் பாடிய வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்தவர். தம் ஊர் யாப்பை நம்மீது திணியாமல், நம் மொழியின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்டுத் தெளிந்த பின்னரே அவர் பாடினார். கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதனைத் தொடுபவர் முதலில் கேட்டாரா என்பதே கேள்வி.

அதே சங்கத்தின் அதே திருவழிபாட்டு ஏடு, தக்க வேளைகளில் புனித மௌனம் காக்கப்படவேண்டும் என்றும் கூறுகிறது. அதனைக் குருமடத்தில் படித்தோம், தேர்விலும் எழுதினோம். ஆனால் பீடத்தின்முன் நின்றபோது மௌனத்தைக் கண்டு அஞ்சினோம். வெறுமை என்று மக்கள் நினைப்பார்களோ, இருமத் தொடங்குவார்களோ, நமக்கே ஒன்றும் தோன்றாமல் போய்விடுமோ என்னும் அச்சம் அது. அந்த அச்சத்துக்கு நாம் இட்ட திரையே அந்த மெல்லொலி.

இத்தொகுப்பில் இசைத்துண்டு ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குமுன் சிறு இடைவெளி வருகிறது. அவ்விடைவெளிகளில் நாம் வெளியே கொல்லிடக்கரைக் காற்றைக் கேட்டோம். அரியலூர்ச் சாலையில் தொலைவில் செல்லும் லாரியைக் கேட்டோம். நம் மூச்சையும் கேட்டோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நாடா, தான் ஒலித்ததைவிடத் தான் நின்றபோது நமக்கு மிகுதியாய்க் கற்பித்தது. நல்ல இசைக்கு இதுவே உரைகல் என்று இன்று எண்ணுகிறோம்: அது ஓய்ந்தபின் மனம் அடுத்த ஒலியைத் தேடுகிறதா, அமைதியில் தங்குகிறதா? இக்கல்லில் உரைத்துப் பார்த்தால், முழுமை பெறாத இப்பயிற்சி ஏடுகள் பொன்னாகவே தேறுகின்றன. கீதா சாராபாயின் ஆசான் சொன்னது மெய்யாயிற்று.

அடுத்த ஞாயிறு, நற்கருணைக்குப்பின் தம்பி வழக்கம்போல் நம் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிடும்படி சைகை காட்டினோம். அவர் திகைத்தார், எடுத்துவிட்டார். மூன்று நிமிடங்கள். ஒரு குழந்தை அழுதது, நாலைந்து பேர் இருமினர், மின்விசிறி கிறீச்சிட்டது. எவர் கண்ணும் கலங்கவில்லை. உள்ளபடி சொன்னால், நமக்கும் உருக்கம் ஒன்றும் தோன்றவில்லை.

பூசை முடிந்து வாசலில் நின்றபோது முதிய தாய் ஒருவர் அருகில் வந்து, "ஏன் சாமி, நடுவுல கரண்டு போயிருச்சா?" என்று கேட்டார். இல்லையம்மா, நாமே நிறுத்தச் சொன்னோம் என்றோம். சற்றுநேரம் யோசித்தார். "அப்படியா சாமி? செத்துப்போன எம் மவன் ஞாபகம் வந்துச்சு. இத்தனை நாளா அவனுக்காக வேண்ட நேரமே இல்லாத மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கீபோர்டு இன்றும் நம் ஆலயத்தில் ஒலிக்கிறது. அந்த மூன்று நிமிடங்கள் மட்டும் ஒலிப்பதில்லை.