ஆந்த்ரே அடித்தார், பிக் பாய் நின்றார்

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். 2003 செப்டம்பரில் ஹிப் ஹாப் ஜோடியான அவுட்காஸ்ட் இருவரும் அதைத்தான் செய்து பார்த்தார்கள். இரட்டை ஆல்பம், 'ஸ்பீக்கர்பாக்ஸ்' பிக் பாயுடையது, 'தி லவ் பிலோ' ஆந்த்ரே 3000 உடையது. அட்லாண்டாவில் பள்ளி நாட்களிலிருந்தே மாறி மாறி ராப் பாடிய ஜோடி பிரிந்துவிட்டது என்றே பலரும் முடிவு கட்டினார்கள்.

கணக்கு வேறு மாதிரி பேசியது. முதல் வாரத்திலேயே 5 லட்சத்துக்கு மேல் விற்று பில்போர்டில் முதலிடம். பின்னாளில் 'டயமண்ட்' சான்றிதழ். (இரட்டை ஆல்பம் என்பதால் ஒரு பெட்டி விற்றால் இரண்டாக எண்ணும் விதி அதில் கைகொடுத்தது, அதைக் கழித்தாலும் பெரிய வியாபாரம்தான்.) 2004இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. லாரின் ஹில்லுக்குப் பிறகு ஹிப் ஹாப் பக்கம் அந்த விருது வந்தது அப்போதுதான். 1995 சோர்ஸ் ஹிப் ஹாப் விருது மேடையில் நியூயார்க் கூட்டம் கூச்சலிட்டு விரட்டப் பார்த்த அதே தெற்கத்திப் பையன்கள் இவர்கள்.

ஆந்த்ரே தட்டில் உள்ள 'ஹே யா' பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கிட்டார் உட்படப் பெரும்பாலான வாத்தியங்களை ஆந்த்ரேவே வாசித்தார். கைதட்டிக்கொண்டே எண்ணிப் பாருங்கள்: நாலு நாலாக மூன்று முறை, திடீரென்று ஒரு இரண்டு, மறுபடி நாலு நாலாக இரண்டு முறை. மொத்தம் 22. எண்ணுகிறவன் அந்த இரண்டில் தடுக்கி விழுவான். ஆடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துள்ளல் மெட்டுக்கு அடியில் ஓடுவதோ, காதல் வற்றிய பிறகும் பிரியத் துணியாத ஜோடியின் கதை. ஒன்பது வாரம் அது முதலிடத்தில் நின்றது.

இறக்கியது யார்? பிக் பாயின் 'தி வே யூ மூவ்'. ஸ்லீப்பி பிரவுன் குழைந்து பாடும் பல்லவி, ஊதுகருவிகள், கீழே அதிரும் பேஸ். சக ஆட்டக்காரனின் பாட்டுக்குப் பின்னால் வாரக்கணக்கில் இரண்டாம் இடத்தில் காத்திருந்து, 2004 பிப்ரவரியில் மேலே ஏறியது. புகழ் என்னவோ ஆந்த்ரேவுக்கே போனது. தொப்பி, பச்சை உடை, 'ஹே யா' வீடியோ ஒன்றிலேயே எட்டு வேடம் என்றால் கண் அங்கேதானே போகும்!

முழு ஆல்பமாகக் கேட்டால் என் ஓட்டு 'ஸ்பீக்கர்பாக்ஸு'க்கு. 'தி லவ் பிலோ'வில் துணிச்சல் அதிகம், கத்தரி குறைவு. ராப் அபூர்வம், இடைப் பேச்சுகள் நீளம், கடைசி அரை மணி நேரம் இழுவை. பிக் பாய் தடம் மாறவே இல்லை. 'வார்' பாட்டில் அரசியல், 'சர்ச்' பாட்டில் ஆன்மிகம், நடுவே கொண்டாட்டம், எல்லாவற்றிலும் அந்த வேக நாக்கு.

ஆனால் பிரிவுக் கதை அவ்வளவு சுத்தமானதல்ல. பிக் பாய் தட்டின் முன்னுரை முடிந்ததும் வரும் 'கெட்டோ மியூசிக்'கைத் தயாரித்தவர் ஆந்த்ரே. மின்னிசை வெறிபிடித்து ஓடும், சட்டென்று நின்று பட்டி லபெல்லின் பழைய குரல் மெதுவாக மிதக்கும், மறுபடி ஓட்டம். அந்தப் பக்கம் 'ரோசஸ்' பாட்டில் பிக் பாய் வந்து ராப் பாடிவிட்டுப் போகிறார். மூன்று வருடம் கழித்து வந்த 'ஐடில்வைல்ட்' ஆல்பம் தடுமாறியது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் தரவில்லை.