ஏறிய ஒலியும் இழந்த சொல்லும்

ஒரு பாடலைத் திறனாயும்போது அதனை எழுதியவரைப் பேசுகின்றோம். இசையமைத்தவரையும் பாடியவரையும் பேசுகின்றோம். அதனை நம் செவிவரை கொணரும் கருவியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. சென்ற ஆண்டு வீட்டுக் கருவியை மாற்றும்வரை நானும் பேசியதில்லை.

ரெம்பியாவில் எங்கள் வீட்டில் தந்தையார் தோட்டத்திலிருந்து கொணர்ந்த ரேடியோகிராம் ஒன்று இருந்தது. மரப்பெட்டி, ஒற்றை ஒலிபெருக்கி. 1953இல் ஜெமினி வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடிய பாடல்களின் இசைத்தட்டுகளை அதில் கேட்டே வளர்ந்தேன். அது பழுதுற்றதும், அதனைப் பழைய சாமான் வாங்குபவரிடம் தள்ளிவிட்டு, பெரிய ஸ்டீரியோ ஒன்றை வாங்கினேன். அந்த அவசரத்தை இன்றும் நொந்துகொள்கிறேன்.

புதிய கருவியில் முழக்கம் இருந்தது, மொழி இல்லை. ஐயம் தீர்க்க, அதே தட்டை ஒலிக்கச் செய்து மாணவர் சிலரைச் சொற்களை எழுதச் சொன்னேன். ழகரம் வந்த இடங்களில் சிலர் ரகரம் எழுதினர். சொல்லையே விட்டுவிட்டோரும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ரகர ழகரங்கள் இரண்டும் நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடுவதால் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் ஒன்றாகவே வைத்து ஓதுகின்றார். அத்துணை நெருங்கிய ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்மை, இரைச்சல் மிகுந்தவிடத்து முதலில் அழிந்துபோகும்.

காரணம் ஊசியில் இருந்தது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டின் தடம் அகலமானது. அதற்கு முனை ஏறத்தாழ 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள ஊசி வேண்டும். புதிய கருவியின் ஊசியோ 0.7 மில் அளவினது. அது தடத்தின் சுவர்களைத் தழுவாமல், தூசு படிந்த அடியில் உழுதுகொண்டு போகும். மேலும், அத்தட்டுகளில் பாட்டு பக்கவாட்டு அசைவாக மட்டுமே பதிந்துள்ளது. ஸ்டீரியோ ஊசி மேல்கீழ் அசைவையும் ஒலியாக்குகிறது. அவ்வசைவில் இருப்பது தேய்மானமும் தூசுமே. ரேடியோகிராம் எழுப்ப இயலாத கீச்சொலிகளையும் புதிய ஒலிபெருக்கிகள் நேர்மையுடன் எழுப்பிவிட்டன. இந்தக் கீறலை மறைக்கக் கடைக்காரர் அடித்தொனியைக் கூட்டித் தந்தார்! உயிரொலிகள் பருத்தன, மெய்யொலிகள் அமிழ்ந்தன.

கே.பி. சுந்தராம்பாளின் குரலுக்கு அடித்தொனியைக் கூட்டுவது, கடலுக்கு உப்பிடுவது போன்றது. ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடக மேடையில், எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஈடுகொடுத்துப் பாடிப் பழகிய குரல் அது. கடைசி வரிசைக்குச் சென்று சேர வேண்டியது ஓசை மட்டுமன்று, சொல்லுந்தான் என்பதை அறிந்த குரல். உச்சத்தில் நிற்கும்போதும் சொல்லின் ஈற்றெழுத்தை அவர் விழுங்குவதில்லை. அவருடைய கலையின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து. அதனையே என் புதிய கருவி முதலில் பறித்தது.

புதுமை தீது என்பதன்று என் வாதம். 1978இல் வந்த ‘பிரியா’ படப்பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அவற்றை இக்கருவி விரித்துக் காட்டும் அழகு ரேடியோகிராமுக்கு எட்டாது. ஒன்றிற்கு ஏற்றது மற்றொன்றிற்கு ஏலாது. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தபோது பாடபேதங்களைக் குறித்தார். சிதைந்த இடத்தில் தம் சொல்லைப் பெய்து நிரப்பவில்லை. அடித்தொனியைக் கூட்டும் பொத்தானோ இடைச்செருகல் செய்யும் பதிப்பாசிரியன்.

பின்னர்ப் பழைய தட்டுக்குரிய ஊசியை வரவழைத்துப் பொருத்தினேன். இரு பக்கத்து ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்தியதும் மேல்கீழ் இரைச்சலில் பெரும்பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்தது. அடித்தொனியை நடுவே நிறுத்தினேன். கீறல் இன்னும் கேட்கிறது. மாணவர்களை மீண்டும் அழைத்து எழுதச் சொன்னேன். இம்முறை ழகரங்கள் பெரும்பாலும் தத்தம் இடத்தில் இருந்தன. ஒரு சிறுமி மட்டும், “ஐயா, பாட்டி நம்மைத் திட்டுகிறாரா?” என்று கேட்டாள்.