பழங்கொடியும் பன்னீர் மணமும்

திராட்சை இரசத்தைச் சுவைத்து மதிப்பிடுவது மேலைநாடுகளில் இலக்கியத் திறனாய்வைப் போலவே வளர்ந்த ஒரு கலை. அங்கும் மரபு உண்டு. மரபின் பெயரால் வரும் மயக்கமும் உண்டு. 'பழங்கொடி' என்னும் அடைமொழி அத்தகைய மயக்கங்களுள் ஒன்று. புட்டியின் மேல் அச்சொல்லைக் கண்டவுடன், நாக்கு சுவைக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அப்பழத்தின் இரசத்தையும் இதே கோலால் அளந்து தாழ்த்துவது முறையாகுமா என்பதே நம் வினா.

பழங்கொடியின் பெருமை முழுவதும் பொய்யன்று. சுலோவேனிய நாட்டு மாரிபோர் நகரில், ஒரு வீட்டின் முகப்பில் நானூறு ஆண்டுகளைக் கடந்த கொடியொன்று இன்றும் காய்க்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவை எட்டவில்லை. ஆதலால் அங்குள்ள பரோசா பள்ளத்தாக்கில் நூறாண்டுக் கொடிகள் பல எஞ்சியுள்ளன. 2009இல் அவற்றை 35, 70, 100, 125 ஆண்டுகள் என நான்கு படிகளாக வகுத்தனர். முதிர்ந்த கொடி குறைவாகக் காய்க்கும். ஆழ ஓடிய வேர் வறட்சியையும் தாங்கும். குலை குறைந்தால் சாறு செறியும் என்பர். ஆனால் பிரெஞ்சுப் புட்டிகளில் பொறிக்கப்படும் அச்சொல்லுக்கு இத்தனை வயது வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் வரையறுக்கவில்லை. வரையறை இல்லாத புகழ்ச்சொல்லைத் திறனாய்வாளர் ஐயுறுவதே நன்று.

ஐயத்திற்கு வலுவான சான்றும் உண்டு. 1976 மே மாதம் பாரிஸ் நகரில், பெயர் மறைத்த கிண்ணங்களில் பிரெஞ்சு இரசங்களையும் கலிபோர்னிய இரசங்களையும் பிரெஞ்சு நடுவர்களே சுவைத்தனர். சிவப்பு இரசங்களில் முதலிடம் பெற்றது ஸ்டாக்ஸ் லீப் தோட்டத்தின் 1973ஆம் ஆண்டு இரசம். அதற்குப் பழம் தந்த கொடிகள் 1970இல் நடப்பட்டவை, மூன்றே வயது! போர்தோவின் புகழ்பெற்ற தோட்டங்கள் அதற்குப் பின்னே நின்றன. திருப்பலி இரசத்தைப் பற்றிப் பேசும் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதியும், அது திராட்சையிலிருந்து இயற்கையாக வந்ததா, கெடாததா என்றே கேட்கிறது. கொடியின் வயதைக் கேட்பதில்லை.

இனி நம் பள்ளத்தாக்கு. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலம் முழுதும் உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும். சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கல்தூண் பந்தலில் படரும் கொடிக்கு அந்த உறக்கம் வாய்ப்பதில்லை. பருவத்தை அதற்கு உணர்த்துவது பனியன்று, உழவரின் கவாத்துக் கத்தி. கவாத்தை முன்பின்னாகச் செய்வதால் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு பந்தலில் அறுவடை நடக்கிறது. இவ்வாறு ஓயாது உழைக்கும் கொடியின் வயதை, உறங்கி எழும் கொடியின் வயதோடு ஒப்பிடுவது பொருந்தா உவமை என்பது நம் துணிபு.

அப்படியானால் இதை எவ்வாறு சுவைப்பது? விடை பெயரிலேயே இருக்கிறது. மேலைச் சுவைஞர் பக்கம் பக்கமாக எழுதும் மணக்குறிப்பை நம் மக்கள் 'பன்னீர்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் இதே இனத்தைச் சீனர் தியன்ஜின் பகுதியில் பயிரிட்டு, தம் மொழியில் 'ரோஜா மணம்' என்றே அழைக்கின்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார் ஒரே மணத்தைக் கண்டு பெயரிட்டதைவிட நேர்மையான மதிப்பீடு வேறென்ன வேண்டும்? இவ்வினத்தின் இரசம் வெளிர்சிவப்பாக இருக்கும், துவர்ப்பு மெலிது. (துவர்ப்பை அறுசுவையுள் வைத்து எண்ணிய நமக்கு இதை உணர்வது எளிது, மேலைநாட்டார் அதைச் சுவை என்று கொள்வதே இல்லை.) அதன் செல்வம் மணம் ஒன்றே. அம்மணமோ புட்டியில் நெடுநாள் நில்லாது. ஆகவே இதை இளமையிலேயே பருக வேண்டும். செறிவையும் முதுமையையும் தேடி இதை நாடுபவர், குறும்பாவில் காப்பியத்தைத் தேடுபவராவார்.

முதுமையைப் போற்றும் ஆசை நம்மையும் விட்டபாடில்லை. பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்று செய்திகளில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். நமக்குப் பெருமை தரும் செய்திதான். ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் இனமோ, இங்கிலாந்தில் ஸீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850ஐ ஒட்டி இரு திராட்சை இனங்களைக் கலந்து உருவாக்கியது என்பது திராட்சை நூலோர் கூற்று. மரபணு ஆய்வும் அவ்விரு பெற்றோரை உறுதி செய்துள்ளது. இரண்டு கூற்றும் ஒருங்கே நிற்க இயலாது. குரு கொணர்ந்தது வேறு திராட்சையாக இருக்க வேண்டும். இல்லையேல் ஆண்டு பிந்தியதாக இருக்க வேண்டும். 1832 என்று மீண்டும் அச்சிடுமுன், அந்தப் பதினெட்டு ஆண்டு இடைவெளிக்கு எழுதுவோர் விடை கூறட்டும்.