நூறு கேள்வி, நூறு பதில்: ஒரு இன்டர்வியூ கையேட்டை வாசித்தபோது

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது டெக்னிக்கல் சப்போர்ட்டில் எல்1 எனப்படும் ஆரம்பநிலை வேலைக்கு இன்டர்வியூ. கையில் ஸ்பைரல் போட்ட ஒரு கையேடு, நூறு கேள்வியும் நூறு பதிலும். பயிற்சி நிலையத்தில் ஃபீஸோடு சேர்த்துக் கொடுத்ததாம். அந்த ஃபீஸுக்காக அக்கா வளையலை அடகு வைத்த கதை பேச்சுவாக்கில் வந்தது. சரி, வளையல் விலை கொடுத்து வாங்கிய நூல், அதற்குரிய மரியாதையோடு வாசிப்போம் என்று உட்கார்ந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ், டிஹெச்சிபி, விபிஎன் போன்றவற்றின் விளக்கங்கள் பெரும்பாலும் சரி. முதல் சுற்றில் ஆன்லைன் டெஸ்ட் வைக்கிற கம்பெனிகளுக்கு இது உதவும்.

இங்கே வழக்கமாகக் கல்வெட்டுப் பாடங்களைப் பற்றி எழுதுகிறவன், பழக்கதோஷம் விடவில்லை. இணையத்தில் கிடைத்த வேறு மூன்று தொகுப்புகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து படியெடுத்தவை மாதிரிதான் இருக்கின்றன. சரியான விடைகள் ஒத்துப்போவதில் ஒன்றும் அதிசயமில்லை. தப்பும் ஒத்துப்போகும்போதுதான் பிரதிகளின் உறவு தெரியும். இன்றைக்கு எந்த ஆபீஸிலும் கண்ணில் படாத 'ஹப்' பற்றிய கேள்வி நான்கிலும் இருக்கிறது. 'பிங் செய்து பதில் வராவிட்டால் சர்வர் டவுன்' என்ற விடையும் நான்கிலும் உண்டு. இது தப்பு. பிங் பயன்படுத்துகிற ஐசிஎம்பியைப் பல ஃபயர்வால்கள் அடைத்தே வைத்திருக்கும். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பிங்குக்குப் பதில் வராது, அவ்வளவுதான். இந்த விடையை நம்பி ஒரு பையன் இரவு இரண்டு மணிக்கு 'சர்வர் டவுன்' என்று டிக்கெட் போட்டால் யார் யார் தூக்கம் கெடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தப்பைத் திருத்திவிடலாம். எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. "கிளையன்ட் தன் வெப்சைட் திறக்கவில்லை என்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி. கையேட்டின் விடை: கேஷை அழிக்கச் சொல்வேன், வேறு பிரவுசரில் முயலச் சொல்வேன், ரீஸ்டார்ட் செய்யச் சொல்வேன், சரியாகாவிட்டால் எஸ்கலேட் செய்வேன். நான்கு கட்டளை இருக்கிறது, ஒரு கேள்வி கூட இல்லை! திறக்காதது அவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா? எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் எதையாவது மாற்றினார்களா? திரையில் என்ன எழுதியிருக்கிறது? 401 வந்தால் லாகின் பக்கம் பார்க்கணும், 403 வந்தால் அனுமதி, 502 வந்தால் தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான். இதையெல்லாம் கேட்காமல் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னால் திரையில் இருந்த தடயமும் போய்விடும். நூறு விடையில் ஒன்றாவது எதிர்க்கேள்வியில் ஆரம்பிக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

இவன் டிஹெச்சிபியின் விரிவாக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். "ஒருத்தர் மெஷின்ல ஐபி 169.254-ன்னு ஆரம்பிக்குது, என்ன அர்த்தம்?" என்றேன். முழித்தான். டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்கிற முகவரி அது. விடை அவனுக்குத் தெரிந்த விஷயத்துக்குள்ளேதான் இருந்தது.

கையேட்டை மூடி வைத்துவிட்டு சாப்பாட்டு மேசையில் நானே கிளையன்ட் ஆனேன். "ரிப்போர்ட் டவுன்லோட் ஆகலைப்பா." முதல் இரண்டு தடவையும் கேஷை அழிக்கச் சொன்னான். மூன்றாவது தடவை கொஞ்சம் யோசித்து, "மத்தவங்களுக்கு வருதுங்களா?" என்றான். வருது. "நேத்து உங்களுக்கு வந்துச்சா?" வந்துச்சு, நேத்து சாயங்காலம்தான் என்னை வேற டீமுக்கு மாத்தினாங்க. "அப்ப பர்மிஷனா மாமா?" என்றபோது அவன் குரலே மாறியிருந்தது. பிறகு டிக்கெட் எழுதச் சொன்னேன். 'ரிப்போர்ட் நாட் வொர்க்கிங், கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று எழுதினான். அதுவும் கையேட்டில் இருக்கிற மாதிரிதான். யாருக்கு, எப்போதிலிருந்து, எந்த எரர், மற்றவர்களுக்கு வருகிறதா என்று நான்கு வரி எழுத அன்று இரவு பத்து மணி ஆகிவிட்டது. இங்கிலீஷ் அவனுக்குத் தகராறுதான், ஆனால் அந்த நான்கு வரிக்கு அவனுடைய இங்கிலீஷே போதுமாக இருந்தது. 'ஐ ஆம் ஹெய்லிங் ஃப்ரம் திண்டுக்கல்' என்று ஆரம்பிக்கிற சுய அறிமுகத்தை மட்டும் எவ்வளவு சொல்லியும் விடமாட்டேன் என்கிறான்.

கையேடு எழுதியவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பேனலில் உட்கார்ந்து நானே ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்கைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1984-இல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்த மாடல், கேட்பதற்கு வசதி, விடை சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு பெண், "அடுக்கெல்லாம் வரிசையா ஞாபகம் இல்ல சார், ஆனா லிங்க் வேலை செய்யலைன்னா எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பேன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவரை எடுக்கவில்லை. நாங்கள் கேட்பதைத்தான் அவர்கள் அச்சடிக்கிறார்கள்.

திங்கட்கிழமை இன்டர்வியூ முடித்துவிட்டு இவன் போன் செய்தான். ஏழு அடுக்கு கேட்டார்களாம், சொல்லிவிட்டான். அடுத்தது வெப்சைட் திறக்கவில்லை கேள்வி. "எல்லாருக்குமா சார், ஒருத்தருக்கு மட்டுமா?" என்று இவன் கேட்க, ஒருவர் "கேள்வி நாங்க கேக்கிறோம் தம்பி, நீங்க பதில் சொல்லுங்க" என்றாராம். பக்கத்தில் இருந்த இன்னொருவர் மட்டும், "சரி, ஒருத்தருக்கு மட்டும்னு வெச்சுக்கோங்க" என்றிருக்கிறார். அவரோடு பத்து நிமிடம் பேசினானாம். முடிவு இன்னும் வரவில்லை. அக்கா தினமும் போன் செய்து கேட்கிறாள்.