கண்ணுக்குப் புதுசு, கைக்குப் பழக்கம்

கோவையில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாக்கும் வாழையும் சின்ன வெங்காயமும் வைத்திருப்பவர்கள் பட்டா எடுக்க, சந்தை விலை பார்க்க, பிள்ளையின் தேர்வு முடிவு பார்க்க என்று எல்லாவற்றுக்கும் போனைத்தான் எடுக்கிறார்கள். நாளெல்லாம் இணையதளங்களில் புழங்குகிறோம். ஆனால் ஒரு தளத்தைப் பார்த்து ‘நல்ல வேலை’ என்று மெச்ச நாம் பழகவில்லை. எரிச்சல் வரும்போது மட்டுமே அதன் அமைப்பைக் கவனிக்கிறோம். கொஞ்சம் கண் பழகினால் ரசிக்கவும் முடியும்.

கோவை காந்திபுரத்திலிருந்து கிளம்பும் தனியார் டவுன் பஸ்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பெயர், உள்ளே ஒரு பாட்டு. தூரத்தில் வரும்போதே எது நம்ம பஸ் என்று தெரிந்துவிடும். ஆனால் ஊர் போர்டு முன்கண்ணாடிக்கு மேலேதான் இருக்கும். படி இடது பக்கம்தான் இருக்கும். புதுமை வேண்டும் என்று யாரும் படியை வலது பக்கம் மாற்றுவதில்லை. நல்ல இணையதளத்தின் இலக்கணமும் இதுதான்: கண் தங்கும் இடத்தில் தனித்தன்மை, கை போகும் இடத்தில் பழக்கம். மக்கள் அதிக நேரம் இருப்பது மற்றவர்களின் தளங்களில்தான், அங்கே பழகியதையே உங்கள் தளத்திலும் எதிர்பார்ப்பார்கள் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார். மெனுவுக்கான அந்த மூன்று கோடுகளை 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வடிவமைப்பாளர் நார்ம் காக்ஸ் வரைந்தார். இன்று அது எல்லார் விரலுக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு வேறொரு சின்னத்தை வைக்கும் தளம், பார்ப்பவரிடம் வீண்வேலை வாங்குகிறது.

தனித்தன்மைக்கும் பழக்கத்துக்கும் நடுவிலான இந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் இணையம் பட்டே அறிந்தது. தொடக்க காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டு முறை. தளத்துக்குள் போனால் கட்டமும் கோணல் குறிகளும்தான் தெரியும். அதற்கான எழுத்துருவை இறக்கினால்தான் படிக்கலாம். ஒவ்வொரு தளமும் தனித்துத்தான் தெரிந்தது, ஆனால் வாசகருக்கு வாசல் அடைத்துக் கிடந்தது. கோவையில் 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு யூனிகோடு, டேஸ்16 என்ற குறியீட்டு முறைகளைத் தரமாக ஏற்றது. குறியீடு பொதுவானால் எழுத்தின் வடிவத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

அதனால் ரசனையை எழுத்திலிருந்தே தொடங்குங்கள். ப்ரியா ரவிச்சந்திரனின் ‘கேட்டமரான்’ எழுத்துருவையும், தாரிக் அஸீஸின் ‘கவிவனார்’ எழுத்துருவையும் ஒரே பத்தியில் போட்டுப் பாருங்கள். முன்னது நிமிர்ந்து நிற்கும். பின்னது கையெழுத்துபோலச் சாய்ந்து வரும். தலைப்புக்கு எது, நீண்ட கட்டுரைக்கு எது என்று கண்ணே சொல்லிவிடும். பிறகு வரி இடைவெளியைப் பாருங்கள். மேல் வரியில் ‘ரூ’வின் வால் கீழிறங்கும். கீழ் வரியில் ‘கீ’யின் சுழி மேலேறும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியை அப்படியே தமிழுக்கு விட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல் பொத்தானுக்குள் முழுசாக அடங்கியிருக்கிறதா? அடங்கியிருந்தால், அந்தத் தளத்தைச் செய்தவர் தமிழை மனதில் வைத்துச் செய்திருக்கிறார். எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, படிவம். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுபவர்கள் நாம். குடும்பப் பெயர் கட்டாயம் என்று நிற்கும் படிவத்தில் நம் ஊர்க்காரர் எதை எழுதுவார்? ‘பெயர்’, ‘இனிஷியல்’ என்று கேட்கும் படிவத்தைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும். அரசின் நிலப்பதிவுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்பதும் அப்படித்தான். கோயம்புத்தூர், பேரூர், தொண்டாமுத்தூர் என்று நமக்குப் பழகிய பிரிவுகள் அவை.

நிறத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து எடைபோடாதீர்கள். தோப்பை விட்டு வெளியே, உச்சி வெயிலில் போனைப் பிடியுங்கள். இளஞ்சாம்பல் பின்னணியில் வெளிர்பச்சை எழுத்து அங்கே காணாமல் போகும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி. அந்த வரம்புக்குள்ளேயே மஞ்சளும் மருதாணிச் சிவப்பும் வைத்து அசத்தலாம்.

அலங்காரமே இல்லாத தளத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு பிரிட்டன் அரசின் தளத்தைக் காட்டுவேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு தேடல் பெட்டி. அவ்வளவுதான். 2013-இல் லண்டன் டிசைன் மியூசியத்தின் ‘ஆண்டின் சிறந்த வடிவமைப்பு’ விருது அதற்குக் கிடைத்தது. ஷார்ட் என்ற வானளாவிய கட்டடமும் அந்தப் போட்டியில் இருந்தது. ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்காக வரைந்த எழுத்தின் புது வடிவத்தையே அந்தத் தளம் பயன்படுத்துகிறது. நாட்டு மக்கள் சாலையில் தினமும் பார்க்கும் எழுத்து அது. தனித்தன்மை முழுவதையும் எழுத்தில் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ தளம் செய்யக் கொடுத்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அதை வீட்டில் பெரியவர் ஒருவர் கையில் கொடுங்கள். போன் நம்பரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் தேடும்போது நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் விரல் தயங்கும் இடங்களைக் குறித்துவைத்து, முதலில் அவற்றைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.