யாருடைய வெறுங்காணி?

சில மாதங்களுக்கு முன்னர் இங்கு நடந்த ஊர்ச்சங்க ஒன்றுகூடலொன்றில், சாப்பாடு முடிந்த கையோடு நண்பர் ஒருவர் திரையில் ஒரு படம் போட்டுக் காட்டினார். ராஜஸ்தான் பாலைவனத்தில் உள்ள பட்லா சூரிய மின்பூங்காவை ஆகாயத்திலிருந்து எடுத்த படம். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு நீலத் தகடுகள். 2245 மெகாவாற் என்றார். எல்லோரும் கைதட்டினோம், நானுந்தான். பிறகு அவர் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "எங்கட வன்னியிலயும் காணியள் சும்மாதானே கிடக்குது. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டால் என்ன?" அந்தக் காணிகள் ஏன் சும்மா கிடக்கின்றன என்று நான் கேட்டேன். "உமக்கு எல்லாத்திலயும் குறைதான்" என்று பதில் வந்தது. அத்தோடு கூட்டம் தேநீருக்குக் கலைந்தது.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரானவன் அல்லன். நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து அதன் சாம்பலோடு அயலூர்ச் சனம் வாழ்வதைவிட, வெயிலைப் பிடிப்பது எவ்வளவோ மேல். எனது விமர்சனம் நண்பரின் பேச்சில் இருந்த ஓர் எண்ணத்தைப் பற்றியது. தகடும் காசும் இருந்தால் பூங்கா எழும்பிவிடும் என்று அவர் நினைக்கிறார். இன்று இந்த வேலையில் ஆக இலகுவாகக் கிடைப்பது தகடுதான். அதன் விலை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. சிக்கல் தகட்டை நிறுத்தும் தரையில் தொடங்குகிறது.

ஒரு மெகாவாற்றுக்கு ஏறத்தாழ ஐந்து ஏக்கர் வேண்டும். பாதை, உப மின்நிலையம், வடிகால் எல்லாம் சேர்த்தால் இன்னும் கூட. கர்நாடகாவில் தும்கூர் மாவட்டத்தின் பாவகடாவில் 2019 இன் இறுதியில் முழுமையடைந்த பூங்கா 2050 மெகாவாற். அது பிடித்திருக்கும் நிலம் 13,000 ஏக்கர், அதாவது எங்கள் நெடுந்தீவைவிடச் சற்றுப் பெரிய பரப்பு. அதுவும் 2050 என்பது நல்ல வெயிலில் மட்டுந்தான். இரவையும் மப்பையும் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால் அதில் ஐந்திலொன்று அளவே தேறும்.

பாவகடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் 'நல்ல முன்மாதிரி' என்று எல்லோரும் காட்டுவது அதைத்தான். அங்கே அரசு நிலத்தைப் பறிக்கவில்லை, விலைக்கு வாங்கவுமில்லை. 2015 இல் இதற்கென்று ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்து, ஐந்து கிராமங்களைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கொருமுறை ஐந்து வீதம் கூடும். மழை பொய்த்துப் பொய்த்து நிலக்கடலையும் கைவிட்டுப்போன பூமி அது. வெயிலைத் தவிர வேறெதுவும் விளையாத இடத்தில் வெயிலுக்கே வாடகை வருவது சிறிய விடயமல்ல. காணி உறுதி உரிமையாளரிடமே இருக்கிறது. இவ்வளவும் நியாயமானவை. நாங்கள் எங்கள் நாட்டு அரசுகளிடம் கண்டதோடு ஒப்பிட்டால், மிக நியாயமானவை.

ஆனால் வாடகை யாருக்குப் போகிறது? பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு. பத்து ஏக்கர் வைத்திருந்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல். அவருடைய தோட்டத்தில் கடலை பிடுங்கிக் கூலி வாங்கிய தலித் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, பிடுங்கக் கடலையுமில்லை. தலைமுறையாக அரசு நிலத்தில் பயிரிட்டும் பத்திரம் கிடைக்காதவர்களுக்கும் அதே கதி. ஆடு மேய்ப்பவருக்கு முன்னால் இப்போது கம்பிவேலி. வேலை தருவோம் என்றார்கள். கட்டுமானம் முடிந்த பிறகு மிஞ்சியது காவல், புல்வெட்டு, தகடு கழுவுதல். அதுவும் எல்லோருக்குமல்ல. ஆக, வெறுங்காணி என்று குறிக்கப்பட்ட அந்த நிலத்தில் ஒரு முழுச் சமூகமே சீவித்துக்கொண்டிருந்தது, பதிவேட்டில் மட்டும் இல்லாமல். எங்கள் ஊர்களில் குத்தகை வந்தாலும் இதுதான் நடக்கும். எங்களுடைய பதிவேடுகளில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதற்குச் சாதி எவ்வளவு காரணம் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பாலைவனமாவது வெறுமையானதா என்றால் அதுவுமில்லை. ராஜஸ்தான் கிராமங்கள் தெய்வத்தின் பெயரால் காத்துவந்த மேய்ச்சற்காடுகள் உண்டு. பூங்காக்கள் அவற்றுக்குள்ளும் நுழைகின்றன என்று அங்குள்ளவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அழிந்துகொண்டிருக்கும் கானமயில் மின்கம்பியில் மோதிச் சாகிறது என்பதற்காக, கம்பிகளை நிலத்துக்கடியில் போடும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2021 இல் உத்தரவிட்டது. அது செலவுக்குக் கட்டாது, நடைமுறைக்கும் ஒவ்வாது என்று அரசு முறையிட, 2024 இல் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது.

வெப்பம், தூசி, தண்ணீர் பற்றியும் இரண்டு வார்த்தை. வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்று நினைக்கிறோம். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. 25 பாகைக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கன் தகட்டின் வலு 0.3 முதல் 0.4 வீதம் வரை குறைகிறது. நடுப்பகலில் தகடு அறுபது பாகைக்குப் போனால் பத்திலொரு பங்குக்கு மேல் போயிற்று. அதன்மேல் புழுதி. கழுவத் தண்ணீர் வேண்டும், வெயில் உள்ள இடத்திலோ தண்ணீர் இல்லை. இராமநாதபுரத்துக் கமுதியில் 2016 இல் கட்டிய 648 மெகாவாற் நிலையத்தில் இயந்திரங்களே துடைக்கின்றன. தண்ணீர் மிச்சம்; கழுவும் கூலியும் மிச்சம், அதாவது அந்த வேலையும் இல்லை.

இனி, பிடித்த மின்சாரத்தை எங்கே கொண்டுபோவது? பூங்காவை ஒன்றிரண்டு வருடத்தில் கட்டிவிடலாம். உயரழுத்தக் கம்பிப்பாதை போட அதைவிட அதிக காலம் செல்லும், ஏனெனில் அதுவும் நூறு பேருடைய காணிக்கு மேலால் போகவேண்டும். 2025 இல் ராஜஸ்தானில் கம்பி போதாமல், கட்டி முடித்த நிலையங்களே உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. இலங்கை சிறிய தீவு. அங்கே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டதென்று எல்லோரும் சிரித்தோம். விடுமுறை நாள், தேவை குறைவு, வெயிலில் சூரிய மின்சாரம் நிறைய. சுழலும் பாரிய இயந்திரங்கள் போதாத வலையமைப்பில், ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் கனதி இருக்கவில்லை. அந்த ஏப்ரலில் புதுவருட விடுமுறைக்காலத்தில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. சனத்துக்கு அதிக மின்சாரம் தேவைப்படுவதோ மாலை ஆறரைக்குப் பிறகு. பற்றரி இல்லாமல் வன்னியில் இன்னுமொரு பெரிய பூங்கா என்பது, அறுவடை நாளில் மட்டும் திறந்து பஞ்சத்தில் பூட்டிக் கிடக்கும் சங்கக்கடை மாதிரி.

இவையெல்லாம் பொறியியலாளர்கள் தீர்க்கக்கூடியவை. பற்றரி மலிந்து வருகிறது, கம்பியும் ஒருநாள் வரும். காணிக்கு அப்படிப்பட்ட தீர்வு கிடையாது. சம்பூரை எடுத்துக்கொள்வோம். 2006 இல் குண்டுவீச்சில் சனம் ஓடியது. 2007 இல் அது உயர் பாதுகாப்பு வலயம். பின்னர் இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனத்தோடு நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். சனம் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, 2015 இன் ஆட்சிமாற்றத்துக்குப் பிறகே பெரும்பகுதியினர் திரும்ப முடிந்தது. நிலக்கரித் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. நிலம் திரும்பவில்லை. நிலக்கரிக்கென எடுத்த இடத்திலேயே அதே என்.ரி.பி.சி. சூரிய மின்நிலையம் அமைப்பதற்கு 2025 ஏப்ரலில் மோடி கொழும்பில் இருந்தபடியே அடிக்கல் நாட்டினார். 120 மெகாவாற். பாவகடாவின் ஒரு பகுதிக்குக் கேள்விப்பத்திரம் கோரியதும் இதே நிறுவனந்தான். அங்கே விவசாயிக்கு வாடகை கொடுக்கும் திட்டத்தில் பங்கெடுக்க முடிந்த நிறுவனத்திடம், இங்கே ஏன் அந்தக் கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை?

திருகோணமலை முத்துநகரில் பல பத்தாண்டுகளாக வயல் செய்தவர்கள், தங்கள் நிலம் சூரிய மின்சாரக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து 2025 இல் நகரில் தொடர்போராட்டத்தில் இருந்தார்கள். காணி துறைமுக அதிகாரசபையினுடையது என்பது அரசின் வாதம். இங்கே நிலம் வெறுமையாகக்கூட இல்லை, நெல் நின்றது. பத்திரந்தான் வெறுமை.

நண்பர் காசு சேர்க்கத்தான் போகிறார் என்று தெரிகிறது. நல்லது. ஆனால் முதல் செலவு தகட்டுக்கு வேண்டாம். காணிக்குப் போய், அதில் இப்போது யார் மாடு கட்டுகிறார், யார் விறகு பொறுக்குகிறார், யார் வெளியில் சொல்லாமல் உழுந்து போட்டிருக்கிறார் என்று எழுதி வரட்டும். உரிமையாளருக்கு வாடகை என்றால் இவர்களுக்கும் அதில் ஒரு பங்கு என்று ஒப்பந்தத்திலேயே போடட்டும். அப்படி ஒரு தாள் வந்தால் நானும் கையெழுத்திடுவேன்.

எனது தகப்பனாருக்கும் முழங்காவிலில் மூன்று ஏக்கர் உண்டு. நாங்கள் விட்டுவிட்டு ஓடியது. 'சும்மா கிடக்குது' என்றுதான் நானும் இவ்வளவு காலம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். சென்ற கிழமை ரெலிபோனில் அயலவரைக் கேட்டேன். ஒரு கைம்பெண் அதில் கச்சான் போட்டிருக்கிறாராம்.